ஐந்தாம் மாதத்துக்குப் பின்: குழந்தையின் சுபாவமும் முதல் பிணைப்பும்



நான்கைந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் வரும் தாய், பெரும்பாலும் அழுகையைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குவாள். கூட வரும் பெரியவர்களிடம் அதற்குக் காரணம் தயாராக இருக்கும். பால் பத்தவில்லை, உரம் விழுந்திருக்கிறது, கண் பட்டிருக்கிறது, தூக்கித் தூக்கிப் பழக்கிவிட்டாள். கிரைப் வாட்டர், உரம் எடுத்தல், திருஷ்டி கழித்தல் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, எதுவும் பலிக்காமல் போனால் பழி கடைசிக் காரணத்தில் வந்து நிற்கும். தாய்தான் சரியில்லை என்பார்கள். பல நேரங்களில் அதை முதலில் நம்புகிறவளும் அந்தத் தாயே.

இன்று நான் முன்வைக்க வந்தது ஒரே ஒரு வாதம். சில குழந்தைகள் எளிதில் கலங்கி, எளிதில் அடங்காத சுபாவத்தோடே பிறக்கின்றன. அதற்குத் தாய் காரணமல்ல. அந்தச் சுபாவம் தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பைக் கெடுத்தே தீரும் என்ற விதியும் கிடையாது. கெடுகிறதா இல்லையா என்பதில், நடுவில் அந்தத் தாய்க்கு யார் துணை நின்றார்கள் என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் நாட்டில் அந்தத் துணை எந்த மாதங்களில் மிகவும் தேவைப்படுகிறதோ, சரியாக அந்த மாதங்களில்தான் அது விலகிப்போகிறது.

சுபாவம் என்ற விஷயத்தை முறையாக ஆராயத் தொடங்கியவர்கள் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற தம்பதியர். இருவரும் நியூயார்க்கின் மனநல மருத்துவர்கள். பிள்ளைக்கு எந்தக் கோளாறு வந்தாலும் தாயின் வளர்ப்பைக் குற்றம் சொல்வது அந்நாளில் அவர்கள் துறையின் வழக்கமாகவே இருந்தது. நடுத்தர வர்க்க வீடுகளில் அவர்கள் நேரில் கண்டது அதற்கு ஒத்துவரவில்லை. 1956இல் தொடங்கி 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்கள் ஆகும்வரை பின்தொடர்ந்தார்கள். எவ்வளவு துறுதுறுப்பு, பசியும் தூக்கமும் வேளைக்கு வருகின்றனவா, புதிய ஆளையோ உணவையோ கண்டால் நெருங்குகிறதா விலகுகிறதா, அழுதாலும் சிரித்தாலும் எவ்வளவு வேகத்தோடு என்று ஒன்பது கோணங்களில் பார்த்தார்கள். ஏறக்குறைய 40 சதவீதக் குழந்தைகள் நம் வீடுகளில் சமத்து என்று சொல்கிறோமே, அந்த வகை. 15 சதவீதம் புதிய எதற்கும் மெல்ல மெல்லப் பழகுபவை. 10 சதவீதம் வேளை தவறித் தூங்கி, வேகமாக அழுது, எதற்கும் லேசில் இணங்காதவை. மீதிக் குழந்தைகள் எந்த வகையிலும் முழுதாக அடங்கவில்லை.

இந்தப் பத்து சதவீதத்துக்கு அவர்கள் 'கடினமான குழந்தை' என்று பெயர் வைத்தார்கள். பெயர் உலகமெங்கும் பரவியது. அவர்கள் அதைவிட முக்கியமாகச் சொன்னது அதே அளவு பரவவில்லை. குழந்தையின் சுபாவமும் அது வளரும் சூழலின் எதிர்பார்ப்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே கேள்வி என்றார்கள். அதே நகரத்தில் உழைத்துப் பிழைக்கும் போர்ட்டோ ரிக்கோ குடும்பங்களையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். அந்த வீடுகளில் கைக்குழந்தை இத்தனை மணிக்குத் தூங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே வேளை தவறித் தூங்கும் குழந்தை அங்கே யாருக்கும் சிக்கலாகத் தெரியவில்லை. நடுத்தர வர்க்க வீடுகளில் அதே குழந்தை மருத்துவரைத் தேடி வந்தது. மாறாக, ஓயாமல் ஓடியாடும் பிள்ளை போர்ட்டோ ரிக்கோ வீடுகளில் பெரும் தலைவலி ஆனது. சின்னக் குடியிருப்பு, வெளியே விட்டால் தெரு ஆபத்து.

கென்யாவின் மசாய் மக்களிடையே மார்ட்டன் டி வ்ரீஸ் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கடுமையான ஒன்றைக் காட்டியது. கைக்குழந்தைகளில் மிகச் சாதுவானவை பத்து, மிகவும் அடம் பிடிப்பவை பத்து என்று அவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். பிறகு கொடும் பஞ்சம் வந்தது. மாடுகள் மடிந்தன, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. திரும்பப் போனபோது 13 குடும்பங்களை மட்டுமே அவரால் தேடிப்பிடிக்க முடிந்தது. சாதுக் குழந்தைகள் ஏழில் ஐந்து இறந்துபோயிருந்தன. அடம் பிடித்த ஆறில் ஒன்றுதான் இறந்திருந்தது. எண்ணிக்கை மிகச் சிறியது, இதை வைத்து விதி எழுத முடியாது என்பதை நான் அறிவேன். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். பால் குறைந்த காலத்தில் ஓங்கி அழுத குழந்தைக்கு மார்பு கிடைத்திருக்கும். அழாமல் கிடந்த குழந்தைக்கு அடுத்த வேளைதான். நியூயார்க் மருத்துவமனையில் கோளாறு என்று எழுதப்படுவது, பஞ்சத்தில் அடிபட்ட மசாய் குடிசையில் உயிர் காக்கும் குணமாகிவிட்டது. இந்த ஆய்வை ஒருமுறை படித்தவர்கள் ஒரு கைக்குழந்தையின் முகத்துக்கு நேரே 'அழுமூஞ்சி' என்று சொல்லத் தயங்குவார்கள்.

இனிப் பிணைப்புக்கு வருகிறேன்.

தாயைப் பிரிந்த குழந்தை படும் துயரம் வெறும் கெட்டுப்போன பழக்கமல்ல, உயிரினமாகவே நமக்குள் ஊறியிருக்கும் தேவை என்று நிறுவியவர் ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியை 1952இல் படமெடுத்துக் காட்டினார். பெற்றோரைப் பார்வை நேரத்தில் மட்டும் உள்ளே விட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் மருத்துவமனைகள், அந்தப் படமும், மருத்துவமனையில் குழந்தைகளின் நலன் பற்றிய 1959ஆம் ஆண்டின் பிளாட் குழு அறிக்கையும் வந்த பிறகு மெல்ல மெல்லக் கதவைத் திறந்தன. இன்று நம் அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் தாய் உடனிருப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். அது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இயல்பாக இருக்கவில்லை.

பௌல்பியின் கருத்தை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சோதித்தவர் மேரி எய்ன்ஸ்வொர்த். 1954இல் உகாண்டா சென்று 26 குடும்பங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் இன்னொரு 26 குடும்பங்கள். குழந்தை பிறந்ததிலிருந்து ஓராண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, அழும்போது தாய் என்ன செய்கிறாள், எவ்வளவு நேரம் கழித்துச் செய்கிறாள் என்று குறித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஓராண்டு முடிவில் குழந்தையை ஒரு புதிய அறைக்கு அழைத்துவந்து, தாய் சிறிது நேரம் வெளியே போய்த் திரும்பும்போது அது எப்படி வரவேற்கிறது என்று பார்த்தார்கள். சில குழந்தைகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, ஆறுதல் பெற்று, மறுபடி விளையாடப் போயின. சில தாயைப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டன. சில ஒட்டிக்கொண்டே உதைத்து அழுதன, எதிலும் அடங்கவில்லை. முதல் வகைதான் பத்திரமான பிணைப்பு. குழந்தையின் குறிப்பறிந்து நடந்துகொண்ட தாய்மாரிடம் அந்த வகை அதிகம் என்பது எய்ன்ஸ்வொர்த் கண்டது.

இங்கேதான் சுபாவ ஆராய்ச்சிக்காரர்கள் குறுக்கே வந்தார்கள். ஹார்வர்டின் ஜெரோம் கேகன், நான்கு மாதக் குழந்தைகளுக்கு முன் வண்ணத் தொங்கல்களை ஆட்டியும் குரல்களை ஒலிக்கவிட்டும் பார்த்தார். சுமார் ஐந்தில் ஒரு குழந்தை கைகால்களை உதறி, முதுகை வளைத்து அழுதது. அவற்றில் கணிசமானவை பின்னாளில் கூச்சமும் அச்சமும் மிகுந்த பிள்ளைகளாயின. அப்படியானால் புதிய அறையில் குழந்தை அழுவதும் அழாததும் அதன் சுபாவத்தைத்தானே காட்டுகிறது, தாயின் வளர்ப்பை எப்படிக் காட்டும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குக் கிடைத்த விடைகளில் என்னை மிகவும் கவர்ந்தது மிக எளிமையானது. ஒரே குழந்தை தாயிடம் பத்திரமாகவும் தந்தையிடம் அப்படி இல்லாமலும், அல்லது தலைகீழாகவும் நடந்துகொள்வதைப் பல ஆய்வுகள் கண்டன. எல்லாமே சுபாவம் என்றால் இது நடக்காது. குழந்தை எப்படி அழும், எவ்வளவு அழும் என்பதில் சுபாவத்தின் கை ஓங்கியிருக்கிறது. அழுத பிறகு இவரிடம் போனால் ஆறுதல் கிடைக்கும் என்ற நம்பிக்கை, அந்த மனிதரோடு பழகிப் பழகி வருவது.

அந்த நம்பிக்கை தாயோடு முடிவதுமில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஷாஃபர், எமர்சன் இருவரும் 1964இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதில் ஒரே ஒருவரிடம் மட்டும் ஒட்டியிருந்த குழந்தைகள் 13 சதவீதம்தான். மற்றவை தந்தை, பாட்டி, அக்கா, அண்ணன் என்று பலரிடம் ஒட்டியிருந்தன. இதைக் கேட்டு நம் பாட்டிமார்கள் வியக்கமாட்டார்கள்.

இப்போது என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். நெதர்லாந்தின் டிம்ஃப்னா வான் டென் போம் 1994இல் வெளியிட்ட ஆய்வு அது. குழந்தை பிறந்து பத்தாம் நாளும் பதினைந்தாம் நாளும் சோதித்து, மிகவும் சிணுங்கும் குழந்தைகள் நூற்றைத் தேர்ந்தெடுத்தார். எல்லாம் தலைப்பிள்ளைகள், எல்லாம் வருமானம் குறைந்த வீடுகள். இத்தகைய வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை அவர் ஏற்கெனவே கண்டிருந்தார். முதல் மாதங்களில் தாய் ஓடி ஓடிப் பார்க்கிறாள். எதைச் செய்தாலும் குழந்தை அடங்குவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் கை ஓய்கிறது. அழுதால் அழட்டும் என்று இருந்துவிடுகிறாள். இதில் வருந்தவேண்டிய இன்னொன்றும் உண்டு. குழந்தை அழாமல் நன்றாக இருக்கும் நேரத்திலும் அவள் அருகே போவதில்லை. கிடைத்த அமைதி கலைந்துவிடுமோ என்ற பயம். இப்படி இருவருக்கும் இடையிலான நல்ல நேரமும் சுருங்கிப்போகிறது.

வான் டென் போம் பாதிக் குடும்பங்களுக்கு மட்டும், குழந்தையின் ஆறாம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடையில், மூன்றே மூன்று முறை வீட்டுக்கே போனார். பாடம் நடத்தவில்லை. குழந்தை ஒரு சத்தம் எழுப்பினால் அதே சத்தத்தைத் திருப்பிச் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் பேசாமல் இருங்கள், அதுவாகத் திரும்பும்வரை காத்திருங்கள். அழுதால் எது இந்தக் குழந்தையைத் தேற்றுகிறது என்று சேர்ந்து கண்டுபிடிப்போம். அவ்வளவுதான். ஓராண்டு நிறைந்தபோது, உதவி பெற்ற குழந்தைகளில் பத்துக்கு ஆறுக்கு மேல் பத்திரமான பிணைப்பில் இருந்தன. உதவி பெறாதவற்றில் பத்துக்கு மூன்றுகூட இல்லை. மூன்றரை வயதில் போய்ப் பார்த்தபோதும் பலன் மறைந்துவிடவில்லை. நூறு குழந்தைகளும் ஒரேபோலச் சிணுங்கிப் பிறந்தவை என்பதை நினைவில் வையுங்கள்.

முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று சொன்னேனே, அதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வெளிநோயாளர் பிரிவில் என் எதிரே அமர்ந்திருந்த ஓர் இளம் தாய், மடியில் ஏழு மாதப் பையன், பக்கத்தில் மாமியார். பையன் அழத் தொடங்கும்போலத் தெரிந்ததும் அவள் கிலுகிலுப்பையை எடுத்து அவன் முகத்துக்கு முன் ஆட்டினாள். அவன் தலையை வலப்பக்கம் திருப்பினான். அவளும் வலப்பக்கம் சாய்ந்து ஆட்டினாள். இடப்பக்கம் திருப்பினான், அவளும் அங்கே போனாள். அவன் முதுகை வளைத்து வீறிட்டான். "என்னைப் பாக்கவே மாட்டேங்குறான் டாக்டர். இவனுக்கு என்னைப் பிடிக்கவே இல்ல" என்றாள். கண்ணில் நீர் நின்றது.

"கிலுகிலுப்பைய மடியில வைங்கம்மா. ஒண்ணும் பேசாதீங்க. கொஞ்ச நேரம் பாப்போம்."

அவன் கைமுஷ்டியை வாயில் வைத்துச் சப்பினான். மூச்சு மெல்லச் சீரானது. சுவரைப் பார்த்தான். மின்விசிறியைப் பார்த்தான். பிறகு தானாகவே அம்மாவின் முகத்துக்கு வந்தான், "ங்கா" என்றான். நான் சொல்லவில்லை, அவளே "ங்கா" என்று திருப்பிச் சொன்னாள். அவன் கண் விரிந்தது. குழந்தை தலையைத் திருப்புவது வெறுப்பினால் அல்ல. கண்ணுக்கும் காதுக்கும் வருவது அளவுக்கு மீறும்போது தன்னைத்தானே ஆற்றிக்கொள்ள அதற்குத் தெரிந்த வழிகளில் ஒன்று அது. சட்டென்று கலங்கும் சுபாவமுள்ள குழந்தைக்கு அது அடிக்கடி தேவைப்படும்.

அந்த மாமியார் ஒரு கேள்வி கேட்டார். "நீங்க சொல்றது சரிதாங்க. வீட்டுல இப்படி உக்காந்து பாத்துக்கிட்டிருக்க யாருக்கு நேரம் இருக்கு?" அவர் குத்திப் பேசவில்லை. அதிகாலையில் வேலைக்குக் கிளம்புகிறவர் அவர். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தச் சொற்பொழிவையே தயாரித்தேன் என்று சொல்லலாம்.

நம் வழக்கத்தில் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள். குழந்தையைக் குளிப்பாட்டவும் தூளி ஆட்டவும் இரவில் மாற்றி மாற்றித் தூக்கவும் அங்கே கைகள் இருக்கின்றன. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்து புகுந்த வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். அங்கே பழகிய முகங்கள் இல்லை, பழகிய தூளியும் இல்லை. மெல்லப் பழகும் சுபாவமுள்ள குழந்தைக்கு இது பெரிய மாற்றம். சமத்துக் குழந்தை இரண்டே நாளில் சிரிக்கும். இது சிரிக்காது, அழும். புகுந்த வீட்டாரும் அதை முதன்முறையாக நெருங்கிப் பார்ப்பது அந்த அழுகையோடுதான்.

அரசின் பக்கம் பாருங்கள். தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் தாயும் குழந்தையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். அடுத்த ஊசி ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான். குழந்தைக்கு நோய்நொடி இல்லையென்றால், நடுவில் ஏறத்தாழ ஆறு மாதம் தாயும் குழந்தையும் சுகாதார நிலையத்துக்கு வரவேண்டிய அவசியமே எழாது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியது. அதில் எட்டு வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவளுக்கு குழந்தையின் ஐந்தாம் மாதத்துக்குள் விடுப்பு முடிந்துவிடும். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு உண்டு, அது பாராட்டத்தக்கது. கட்டடச் சித்தாளுக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் நடைமுறையில் இவற்றில் எதுவும் கிடைப்பதில்லை.

தாய்வீட்டிலிருந்து பெயர்வது, ஊசி இடைவெளி, விடுப்பு முடிவது. இம்மூன்றும் ஒன்றாக விழும் காலம் குழந்தைக்கு ஆள் தெரியத் தொடங்கும் காலம். வேற்றுமுகம் கண்டு அழுவதும், தாய் எழுந்து போனால் கண்ணால் தொடர்வதும், அவள் திரும்பி வந்தால் கைதூக்குவதும் இந்த மாதங்களில்தான். நம் பிள்ளைத்தமிழ் மரபு செங்கீரைப் பருவத்துக்கு ஐந்தாம் மாதத்தையும் சப்பாணிப் பருவத்துக்கு ஒன்பதாம் மாதத்தையும் குறித்து, இடையில் தாலாட்டை வைத்தது. குழந்தைக்கு அருகே ஓயாமல் ஒருவர் இருந்து கொஞ்சிக்கொண்டிருக்கும் காலமாகவே அதைக் கண்டது. வான் டென் போம் வீடு வீடாகப் போனதும் இதே மாதங்களில்தான்.

'தூக்கிப் பழக்காதே' என்ற அறிவுரையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேட்காமல் விடமாட்டீர்கள். முதல் மாதங்களில் அழுகைக்கு உடனே பதில் கிடைத்த குழந்தைகள் ஆண்டு முடிவில் குறைவாகவே அழுதன என்று பால்டிமோர் ஆய்வு சொன்னது. நெதர்லாந்தில் நடந்து 1991இல் வெளியான இன்னோர் ஆய்வு அதை உறுதி செய்யவில்லை. சின்னச் சிணுங்கலைத் தாய் சற்றுப் பொறுத்த வீடுகளிலும் குழந்தை பிறகு குறைவாக அழுதது. என் கணிப்பில் இரண்டும் மோதவில்லை. லேசாகச் சிணுங்கி முஷ்டியைச் சப்பி அடங்கக்கூடிய குழந்தையை அடங்கவிடலாம். வீறிட்டு அழும் குழந்தையைத் தூக்கியே ஆகவேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு தெரிவதுதான் குறிப்பறிதல், அது எந்தப் பாட்டிக்கும் தாய்க்கும் புத்தகம் இல்லாமலே கைவரக்கூடியது, மனம் சோர்ந்து போகாமல் இருந்தால். சோர்வு பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. திடீரென அழுகையின் தன்மை மாறினாலோ, வாந்தியோ காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ சேர்ந்தாலோ சுபாவம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

நான் கேட்பது புதிய திட்டம் அல்ல. 2018இல் மத்திய அரசு தொடங்கிய இளங்குழந்தை வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில், சுகாதாரப் பணியாளர் 3, 6, 9, 12, 15 மாதங்களில் வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறது. எடை, இணை உணவு, இரும்புச்சத்து, தடுப்பூசி, வளர்ச்சி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றோடு ஆறாம் மாத வருகையிலும் ஒன்பதாம் மாத வருகையிலும் மேலும் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். பணியாளர் தாயைக் குழந்தையோடு விளையாடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். இவன் அழுதால் எதற்கு அடங்குகிறான், இரவில் எத்தனை முறை எழுகிறான், எழுந்தால் யார் தூக்குகிறார்கள் என்று கேட்கட்டும். கடைசிக் கேள்வியைக் கணவரும் மாமியாரும் இருக்கும்போது கேட்பது நல்லது. வாரத்தில் இரண்டு இரவு கணவர் தூக்கிக்கொள்ளலாம் என்று அங்கேயே பேசி முடிவாகிவிட்டால், அந்தத் தாய்க்கு மறுநாள் காலையில் குழந்தையின் முகம் பார்க்கத் தெம்பு இருக்கும்.

இதற்குப் பயிற்சி வேண்டும், பணியாளர்களின் சுமையைக் குறைக்க வேண்டும், ஊதியத்தைக் கூட்ட வேண்டும். ஒரே கிராம சுகாதாரச் செவிலியர் மீது கணக்கெடுப்பும் பதிவேடும் முகாமும் ஏற்றிவைத்துவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு குழந்தையைப் பாருங்கள் என்று சொல்வது நியாயமில்லை. இந்த அவையில் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களும் சமூகப்பணித் துறை மாணவர்களும் இருக்கிறீர்கள். ஒரு வட்டாரத்தில், ஒரு சுகாதார நிலையத்தின் எல்லைக்குள், நம் குழந்தைகளை வைத்து நம் தாய்மாரிடம் இதைச் செய்து பார்த்து, பலனை அளந்து எழுத முன்வருபவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.